முதலில் தண்ணீர், பிறகு கேள்வி

மீட்டர்காரர் வீட்டுக்கு நீங்கள் போவதாக இருந்தால் சைக்கிளில் போங்கள். பஸ்ஸில் போனால் அவர் வேறு மனிதர்.

தண்ணீர் வழங்கும் அலுவலகத்தில் மீட்டர் பார்க்கிற வேலை அவருக்கு. இருபத்திரண்டு வருடமாகச் சைக்கிளில்தான் சுற்றுகிறார். மிதித்த தூரத்தையெல்லாம் கூட்டினால் உலகத்தையே சுற்றி வந்திருக்கலாம். ஆனால் கூட்டல் கணக்கில் மட்டும்தான். அத்தனையும் அதே பதினான்கு தெருக்களுக்குள். குண்டுச் சட்டிக்குள் குதிரை ஓட்டுவது என்று சும்மாவா சொன்னார்கள்!

அந்த ஏக்கம் எங்கேயாவது வெளியே வந்துதானே ஆக வேண்டும். ஆறு வருடத்துக்கு முன்னால், சைக்கிளில் ஊர் ஊராகப் போகிறவர்களுக்கு வீட்டில் இடம் கொடுப்பவர்கள் சேர்ந்து நடத்தும் இணையதளம் ஒன்றில் தன் பெயரைப் பதிந்துகொண்டார். பின்பக்க அறை பயணியர் அறை ஆனது. அங்கே இருந்த அவருடைய மனைவியின் துணி அலமாரி கூடத்துக்கு நகர்ந்தது. சுவரில் சட்டம் போட்டு ஒரு தாள் தொங்கியது. அதில் அவர் கைப்பட எழுதிய விதிகள் இரண்டே இரண்டு. ஒன்று, முதலில் தண்ணீர், பிறகு கேள்வி. இரண்டு, மிதித்து வந்தவரிடம் எப்போது புறப்படுகிறீர்கள் என்று இந்த வீட்டில் யாரும் கேட்கக் கூடாது.

மனைவிக்கும் வேலை உண்டு. கண்ணாடிக் கடையின் பின்னறையில், லென்ஸைச் சட்டத்துக்குப் பொருந்தும்படி சக்கரத்தில் அரைத்துக் கொடுக்கிறவள். ஊரில் பாதிப் பேர் எழுத்துக் கூட்டிப் படிப்பது அவள் கைவண்ணத்தில்தான். இருந்தாலும் தெருவில் அவளுக்கு 'மீட்டர்காரர் வீட்டம்மா' என்றுதான் பெயர். அதைப் பற்றி அவள் குறைப்பட்டுக்கொண்டதில்லை. குறைப்படுவதற்கு அதைவிடப் பெரியதாகக் கைவசம் நிறைய இருந்தது.

அவளுடைய அக்கா போன் செய்த அன்று வீட்டில் ஒரு கால்நடை மருத்துவர் தங்கியிருந்தார். வந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. வந்த அன்று சுவரில் சாய்ந்தபடி நின்றுகொண்டே சாப்பிட்டார். மீட்டர்காரர் பூரித்துப்போனார்.

"பாத்தியா? நாற்காலியைத் திரும்பிக்கூடப் பாக்கல. நெசமா மிதிச்சு வந்தவன் வந்ததும் உக்கார மாட்டான். உக்கார முடியாது. மத்தவங்க வாயால சொல்லுவாங்க, இவங்களுக்கு உடம்பே சொல்லும்."

சொல்லிவிட்டு உள்ளே போய் டியூப் மெத்தையை எடுத்து வந்தார். பழைய சைக்கிள் டியூப்பை மூன்று சுற்றாகச் சுருட்டி, துணி உறைக்குள் வைத்துத் தைத்து, அளவாகக் காற்றடித்தது. அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு. அதில் உட்காரும் உரிமை பயணிகளுக்கு மட்டுமே. உறையைத் தைத்த மனைவிக்குக்கூடக் கிடையாது.

அக்கா போனில் சொன்ன விஷயம் இதுதான். அவள் எழுபது கிலோமீட்டர் தள்ளி ஒரு சின்ன ஊரில், மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிறவள். கணவர் தவறிப்போய் நாலு வருடம் ஆகிறது. இப்போது மேற்பார்வையாளர் பதவிக்கு அவளைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். ஆனால் அதற்கு முன்னால் இந்த ஊரின் பெரிய மருத்துவமனையில் மூன்று மாதப் பயிற்சியை முடிக்க வேண்டும். வருகிற திங்கட்கிழமை ஆரம்பம். விடுதியில் முப்பது வயதுக்கு மேல் சேர்ப்பதில்லையாம். அவளுக்கு நாற்பத்தெட்டு. பயிற்சிக்கும் வயது வரம்பு நாற்பத்தெட்டுதான். இந்தத் தடவை விட்டால் ஓய்வுபெறும்வரை போர்வை மடித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

"உன் வீட்டுல ஒரு மூலை போதும்டி குட்டி" என்றாள் அக்கா. "மாப்பிள்ளைகிட்ட கேட்டுச் சொல்லு."

அவள் கேட்டாள். மீட்டர்காரர் அப்போது மருத்துவருக்கு முட்டை உரித்துக்கொண்டிருந்தார்.

"மூணு மாசமா?" என்றார். "உங்கக்கா வரக்கூடாதுன்னு நான் சொல்லல. ஆனா பெரியவங்க சும்மாவா சொன்னாங்க, விருந்தும் மருந்தும் மூணு நாள்னு. வேற எடம் பாக்கச் சொல்லேன்." அதே மூச்சில் மருத்துவர் பக்கம் திரும்பினார். "நீங்க ஏன் சார் திங்கக்கெழமையே கெளம்புறேங்கிறீங்க? காத்து மாறட்டும். இன்னும் ஒரு வாரம் இருங்க."

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். இந்த வீட்டில் பஸ்ஸில் வந்தவர் உடைத்தால் பொன்குடம். இரண்டு வருடத்துக்கு முன்னால் அக்கா நாலு நாள் தங்க வந்திருந்தாள், கையில் பெட்டியோடு, பஸ்ஸில். இரண்டாம் நாளே குளிர்சாதனப் பெட்டியின் கதவில் பஸ் நேர அட்டவணை ஒன்று முளைத்தது. மூன்றாம் நாள் அதில் ஒரு வரிக்குக் கீழே சிவப்புக் கோடு. அக்கா அதைப் பார்த்தாள். அந்தச் சிவப்புக் கோட்டு பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாள். தங்கைக்கு அன்று ஏற்பட்ட அவமானம் இன்னும் ஆறவில்லை. கூடப் பிறந்தவளுக்கு இரண்டு வேளைச் சோறு போடச் சுதந்திரம் இல்லாத வீட்டுக்கு வீட்டம்மா என்று பெயர் மட்டும் எதற்கு?

மறுநாள் கடையில் சக்கரத்தின் முன் நின்றுகொண்டிருந்தபோது அவளுக்கு அந்த யோசனை வந்தது. வந்ததும் சிரிப்பு வந்தது. சிரித்ததில் ஒரு லென்ஸின் ஓரம் சிலும்பிப்போனது.

மதிய இடைவேளையில் இணையதளத்தைத் திறந்து அக்காவைப் பயணியாகப் பதிந்தாள். பட்டப்பெயர் கேட்டது, 'நெடுவழி' என்று போட்டாள். படம் கேட்டது. அக்கா தினமும் சலவைக்கூடத்துக்குப் போய் வருகிற சைக்கிளின் படத்தை வைத்தாள். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவரிடம் வாங்கிய, எருமை மாதிரி கனமான பழைய வண்டி. பிறகு மீட்டர்காரருக்கு விண்ணப்பம் எழுதினாள். 'தெற்கிலிருந்து வருகிறேன். சனிக்கிழமை மாலை வந்து சேர்வேன். எத்தனை நாள் தங்குவேன் என்பதை உங்கள் வீட்டு விதியை நம்பி இப்போது சொல்லவில்லை.' ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

பத்து நிமிடத்தில் பதில் வந்துவிட்டது. 'வருக! வருக! வீடு உங்களுடையது.' பத்தொன்பது வருடத் தாம்பத்தியத்தில் கணவரிடமிருந்து அவளுக்கு வந்த முதல் ஆச்சரியக்குறி அது. அதுவும் இரண்டு.

திட்டம் இவ்வளவுதான். அக்கா சைக்கிளைப் பஸ் கூரையில் போட்டுக்கொண்டு ஊர் எல்லைவரை வருவாள். அங்கே இறங்கிக் கடைசி இரண்டு கிலோமீட்டரை மட்டும் மிதிப்பாள். ஆனால் மீட்டர்காரரை ஏமாற்றுவது அத்தனை லேசு இல்லை. இருபத்திரண்டு வருடமாக ஜனங்கள் சொல்லும் பொய்யைக் கேட்டுக்கொண்டே மீட்டர் முள்ளைப் பார்த்து எழுதுகிறவர். போன வருடம் ஒருத்தர் ரயிலில் வந்து, நிலையத்திலிருந்து மிதித்து வந்தார். மீட்டர்காரர் குனிந்து டயரைப் பார்த்தார். ஓரத்தில் புது ரப்பரின் முடிகூட உதிரவில்லை. "ரொம்ப நல்லது" என்றார். அவருக்கு ஒரு தேநீர் கிடைத்தது. வெந்நீர் கிடைக்கவில்லை, டியூப் மெத்தையும் வெளியே வரவில்லை. மறுநாள் காலை அந்த மனிதர் தானாகவே போய்விட்டார்.

ஆகவே தினமும் மதியம் அக்காவுக்குப் போனில் பாடம் நடந்தது.

"ஆத்துப் பாலம் தாண்டினதும் மேடு எத்தனை?"

"ரெண்டு."

"மூணுக்கா, மூணு! மூணாவதுதான் ஆளைக் கொல்லும். எதிர்க்காத்து எப்ப?"

"காலையில."

"மத்தியானத்துக்கு மேல! மாவு ஆலை எந்தப் பக்கம்?"

"ஏண்டி குட்டி" என்றாள் அக்கா. "இத்தனை பொய்யை மனப்பாடம் பண்ற நேரத்துக்கு மிதிச்சே வந்துரலாம் போலிருக்கே."

இருவரும் சிரித்தார்கள். தங்கை அதை நகைச்சுவை என்று நினைத்துக்கொண்டாள்.

மருத்துவர் வியாழக்கிழமையே விடைபெற்றார். அன்பு தாங்கவில்லை என்று கண் கலங்கச் சொன்னார். அது முழுவதும் உபசாரப் பேச்சு இல்லை என்று அவளுக்குத் தோன்றியது. வெள்ளிக்கிழமை அக்காவின் போன் எடுக்கப்படவில்லை. சனிக்கிழமையும் எடுக்கப்படவில்லை. பஸ் சத்தத்தில் கேட்டிருக்காது என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

சனிக்கிழமை மீட்டர்காரர் வீட்டையே தலைகீழாகப் புரட்டினார். படுக்கை விரிப்பை அவரே தேய்த்தார். வெந்நீர் போட்டார். நாலு மணிக்கு ஒரு கையில் தண்ணீர்ச் சாடியும் மறு கையில் குவளையுமாகத் தெருமுனையில் போய் நின்றார். வேறு வழியில்லாமல் அவளும் கூட நின்றாள். நாலு மணிக்கு யாரும் வரவில்லை. நாலரைக்கும் வரவில்லை. மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். அக்காவுக்கு மூன்று மாதமும் போகும், மூன்று நாளும் போகும். திங்கட்கிழமை பயிற்சியில் அவள் இடத்தில் வேறு யாராவது உட்கார்ந்திருப்பார்கள். சேலைத் தலைப்பால் உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

ஐந்தேகாலுக்குத் தெருவின் அந்தக் கோடியில் ஒரு சைக்கிள் தெரிந்தது. பின்னால் இரண்டு பக்கமும் மூட்டை. தலையில் துண்டு. மீட்டர்காரர் முகம் மலர்ந்தது. சைக்கிள் நெருங்க நெருங்க அந்த மலர்ச்சி கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கியது.

"நீங்களா?" என்றார்.

அக்கா காலை ஊன்றி நின்றாள். முகமெல்லாம் புழுதி. "நான்தான் மாப்பிள்ளை, நெடுவழி. முதல்ல தண்ணி, அப்புறம் கேள்வின்னு போட்டிருந்துச்சே?"

அவர் மனைவியைப் பார்த்தார். அவள் எதிர்வீட்டு மாடியைப் பார்த்தாள். தெருவில் நாலு பேர் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். குவளையில் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். அக்கா மூன்று குவளை குடித்தாள். அதுவரை பொறுமையாக இருந்துவிட்டுக் குனிந்து டயரைப் பார்த்தார். தபால்காரர் வண்டி, டயர் எப்போதுமே தேய்ந்துதான் இருக்கும். முள் ஒன்றும் காட்டவில்லை.

வீட்டுக்குள் வந்து, அக்கா கை கால் கழுவி முடித்ததும் விசாரணை ஆரம்பித்தது.

"பாலம் தாண்டினதும் மேடு எத்தனை இருந்துது?"

மூணு, மூணு என்று தங்கை மனசுக்குள் கத்தினாள்.

"பாலமா?" என்றாள் அக்கா. "நான் பாலத்துல வரலையே."

"பாலத்துல வராம எப்படி? வேற வழி ஏது?"

"பாலத்தை மூடிட்டாங்க மாப்பிள்ளை, பெயின்ட் அடிக்கிறாங்க. கால்வாய்க் கரையோடவே சுத்தி வந்தேன்."

"ரெண்டு வாரத்துக்கு முன்னாடி டாக்டர் வந்தப்ப தொறந்துதானே இருந்துது" என்றார் அவர், மெதுவாக. அந்த மெதுவான குரல் அவளுக்குப் பழக்கமானது. முந்தின மாதத்தைவிட மீட்டர் குறைவாகக் காட்டுகிற வீடுகளில் அவர் பேசும் குரல். "மாவு ஆலை எந்தக் கைப்பக்கம் வந்துது?"

"மாவு ஆலையே வரலையே."

"எதிர்க்காத்து?"

"நாள் பூரா."

தங்கை தலையில் அடித்துக்கொள்ளாத குறை. கேட்ட கேள்விக்கெல்லாம் தப்பு. இவள் பஸ்ஸில் நன்றாகத் தூங்கியிருக்கிறாள், சொல்லிக்கொடுத்தது முழுவதையும் மறந்துவிட்டு வாய்க்கு வந்ததைச் சொல்கிறாள். மீட்டர்காரர் எழுந்தார். "ரொம்ப நல்லது" என்றார். அந்த இரண்டு வார்த்தைக்கு அர்த்தம் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். போய் அவரே ஒரு தேநீர் கொண்டு வந்து வைத்தார். வெந்நீர் அடுப்பை அணைத்துவிட்டு வந்ததையும் அவள் பார்த்தாள்.

இனி மறைத்து என்ன பயன்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் எத்தனை நேரம்தான் மறைப்பது? எல்லாவற்றையும் தானே சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள்.

"உக்காந்து குடிங்க" என்றார் மீட்டர்காரர், ஒப்புக்கு, நாற்காலியைத் தள்ளி.

"வேணாம் மாப்பிள்ளை. இப்படியே நிக்கிறேன்."

"பரவாயில்ல, உக்காருங்க."

அக்கா மரியாதைக்காக உட்காரப் பார்த்தாள். பாதி தூரம் கீழே போனவள், "அம்மா!" என்று முனகிக்கொண்டே திரும்ப எழுந்து சுவரில் சாய்ந்தாள். மேஜைமேல் தட்டில் இருந்த ரொட்டியை எடுத்து நின்றபடியே கடித்தாள்.

மீட்டர்காரர் அவளையே பார்த்தார்.

"எங்க வலிக்குது?"

"அதை எப்படி மாப்பிள்ளை உங்ககிட்ட சொல்றது?" என்றாள் அக்கா.

தங்கை அக்காவின் கைகளை அப்போதுதான் சரியாகப் பார்த்தாள். இரண்டு உள்ளங்கையிலும் கொப்புளம். கட்டைவிரலை மடக்க முடியாமல் ரொட்டியை நாலு விரலால் பிடித்திருந்தாள். பாவி, நிஜமாகவே மிதித்து வந்திருக்கிறாள்! எழுபது கிலோமீட்டர், அந்த எருமை வண்டியில், நாற்பத்தெட்டு வயதில். தங்கைக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. யார் மீது கோபம் என்று யோசிக்க அவளுக்கு அப்போது நேரமில்லை.

மீட்டர்காரர் உள்ளே போனார். டியூப் மெத்தையோடும் காற்றடிக்கும் பம்போடும் வந்தார். தரையில் மண்டியிட்டு உட்கார்ந்து நாலு அடி அடித்தார். அழுத்திப் பார்த்தார், கொஞ்சம் காற்றை இறக்கினார். நாற்காலியில் போட்டு இரண்டு கையாலும் தட்டிவிட்டார்.

"இப்ப உக்காந்து பாருங்கக்கா."

அக்கா உட்கார்ந்தாள். கண்ணை மூடி ஒரு பெருமூச்சு விட்டாள். மீட்டர்காரர் சத்தமில்லாமல் போய் வெந்நீர் அடுப்பைத் திரும்பப் பற்றவைத்தார்.

அதற்குப் பிறகு கேள்விக்கு முடிவே இல்லை. கால்வாய்க் கரை எத்தனை அகலம், மண்ணா சரளையா, நிழல் உண்டா, நேற்று இரவு எங்கே தங்கினீர்கள்.

"நடுவுல ஒரு தையற்காரர் வீட்டுல" என்றாள் அக்கா. "இருட்டுறதுக்குள்ள எங்கயாவது ஒதுங்கணுமேன்னு தண்ணி கேட்டு நின்னேன். புருசன் பொஞ்சாதி ரெண்டு பேரும் உள்ள வான்னுட்டாங்க. அவங்க எந்த இணையத்துலயும் இல்ல. பஸ்ல வந்திருந்தாலும் அப்படித்தான் கூப்பிட்டிருப்பாங்க போல. எங்கம்மா போறேன்னு கேட்டாங்க. தங்கச்சி வீட்டுக்குன்னேன். கூடப்பொறந்தவ வீடுன்னா அப்புறம் என்ன, மகாராணி மாதிரி பாத்துப்பாங்கன்னாங்க." அவள் ரொட்டியை மென்று விழுங்கினாள். "ஆமான்னேன்."

மீட்டர்காரர் காலியான குவளையை எடுத்து நிரப்பினார். தளும்பி மேஜையில் கொட்டியது. துடைக்கத் துணி தேடுகிற சாக்கில் கொஞ்ச நேரம் சமையலறையிலேயே இருந்தார்.

திங்கட்கிழமை அக்கா பயிற்சிக்குப் போனாள். குளிர்சாதனப் பெட்டியின் கதவில் பழைய பஸ் அட்டவணையின் பசைத் தழும்பு இருந்த இடத்தில் இப்போது கால்வாய்க் கரையின் வரைபடம் ஒட்டப்பட்டிருந்தது. மீட்டர்காரரே வரைந்தது. பதினான்கு தெருவிலும் அவர் மீட்டர் பார்த்தாரோ இல்லையோ, "எங்க வீட்டு அக்கா, எழுபது கிலோமீட்டர்" என்று சொல்லாத வாசல் இல்லை. போன வாரம்வரை 'உங்கக்கா'. ஒரே மிதியில் 'எங்க வீட்டு அக்கா'.

புதன்கிழமை மாலை அவள் கடையிலிருந்து வந்தபோது அவர் உற்சாகமாக வரவேற்றார்.

"அக்கா சாதாரண ஆள் இல்ல, தெரியுமா? இத்தனை வருஷத்துல நீ ஒரு வார்த்தை சொன்னதில்லையே!"

அவள் பையை ஆணியில் மாட்டினாள். நேராகப் போய், நாற்காலியில் கிடந்த டியூப் மெத்தையின் மேல் உட்கார்ந்தாள். அது ஒரு தடவை மூச்சு விட்டுவிட்டு அவளை ஏற்றுக்கொண்டது. இவ்வளவு சுகமா இது? நாலு தடவை உறை மாற்றித் தைத்தவளுக்கு இது இதுவரை தெரியாது.

"அது..." என்று மீட்டர்காரர் ஆரம்பித்தார். "அது மிதிச்சு வந்தவங்களுக்கு..."

"தெரியும். கேளுங்க, எங்கேர்ந்து வர்றேன்னு."

அவர் சிரிக்கப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது.

"எங்கேர்ந்து வர்றே?"

"கண்ணாடிக் கடையிலேர்ந்து. தினம் எட்டு மணி நேரம். பதினாலு வருஷமா, நின்னுக்கிட்டே." காலை நீட்டினாள். "பத்தொன்பது வருஷத்துக்கு முன்னாடி இந்த வீட்டுக்கு வேன்ல வந்து எறங்கினது என் தப்பு. அன்னைக்கே சைக்கிள்ல வந்திருக்கணும்."

மீட்டர்காரர் வாசலில் அவள் கழற்றிவிட்டு வந்த செருப்பைப் பார்த்தார். பிறகு அதன் அருகே போய்க் குனிந்து பார்த்தார், டயரைப் பார்க்கிற மாதிரி. இரண்டு குதிகாலும் ஒரே பக்கமாகச் சாய்ந்து, அடித்தோல் தாள் மாதிரி தேய்ந்திருந்தது. தினமும் அவர் கண் முன்னால்தான் கிடந்தது. நிமிர்ந்தவர் சமையலறைக்குப் போய்க் குவளையில் தண்ணீர் கொண்டு வந்து அவள் கையில் கொடுத்தார். அவள் குடித்து முடிக்கும்வரை கூடவே நின்றார். அடுத்து என்ன கேட்பது என்று தெரியாமல் வாயைத் திறந்தார்.

பயணியர் அறையிலிருந்து அக்காவின் குரல் வந்தது.

"மாப்பிள்ளை, என்ன வேணா கேளுங்க. 'எப்ப புறப்படுறே'ன்னு மட்டும் அவகிட்ட கேட்டுடாதீங்க."